வரையாடும் மரக்காளானும்: ஆழியாறு முதல் இராஜமலை வரை ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள்: ஆழியாறு, ஒன்பதாவது வளைவு

இந்தப் பயணத்தில் பார்க்க வேண்டியவை இரண்டுதான். ஒன்று வரையாடு, இன்னொன்று மரத்தில் முளைக்கும் காளான். இரண்டும் ஒரே வாரத்தில் கண்ணில் பட வேண்டுமென்றால் மாதத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காட்டில் காளான் கொட்டிக் கிடக்கும். ஆனால் மேகம் மலையோடு மலையாக உட்கார்ந்திருக்கும். கூப்பிடு தூரத்தில் ஆடு நின்றாலும் தெரியாது. ஜனவரிக்கு மேல் வானம் தெளிந்துவிடும், காளான் காய்ந்துவிடும். குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளம் தேசியப் பூங்காவையும் பொதுவாக மூடிவிடுவார்கள். மிஞ்சுவது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை. இரவில் மழை, விடியலில் வெளிச்சம் என்று அமைந்தால் இரண்டும் கிடைக்கும்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: 8x42 பைனாகுலர், பத்து மடங்கு பெருக்கும் சிறிய கைலென்ஸ், டார்ச், ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் கறுப்புமாக ஒட்டிய அட்டை, சின்ன அளவுகோல், அட்டைக்கடிக்கு நீளமான துணிக் காலுறை. 10x பைனாகுலர் இன்னும் நன்றாகக் காட்டுமே என்று தோன்றும். மலைக்காற்றில் கை ஆடும்போது படமும் சேர்ந்து ஆடும், ஆட்டை எண்ண முடியாது. எட்டு மடங்கே போதும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ என்ற இடத்தில், சாலையோரப் பாறையிலேயே வரையாடுகள் நிற்கும். வரையாடு என்றால் 1200 மீட்டரிலிருந்து 2600 மீட்டர் வரை உள்ள உச்சிப் புல்வெளியில்தான் இருக்கும் என்று படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த இடம் குழப்பமாக இருக்கும், ஏனென்றால் இது அதைவிட மிகத் தாழ்ந்த இடம். அந்த ஆட்டுக்கு வேண்டியது உயரம் அல்ல, செங்குத்து. மேயப் புல் வேண்டும், அதை ஒட்டியே சிறுத்தையும் செந்நாயும் ஏற முடியாத பாறை வேண்டும். இரண்டும் சேர்ந்த இடமாக இருந்தால் கீழேயும் நிற்கும். குளம்பின் ஓரம் கடினமாகவும் நடுப்பகுதி ரப்பர் போல மெத்தென்றும் இருப்பதால் ஈரப்பாறையிலும் வழுக்காமல் ஒட்டும்.

நேரம் காலை ஆறரையிலிருந்து ஒன்பது, மாலை நான்குக்கு மேல். நடுப்பகலில் பாறை நிழலில் படுத்து அசைபோடும். அப்போது பாறையின் நிறமும் ஆட்டின் நிறமும் ஒன்றாகிவிடும். ஆட்டைத் தேடாமல் கொம்பைத் தேடினால் சீக்கிரம் அகப்படும். பின்னோக்கி வளைந்த கொம்பு, முறுக்கு இருக்காது, கிடாவுக்கும் பெட்டைக்கும் உண்டு. கிடாவின் கொம்பு அடிப்பகுதியில் நன்றாகப் பருத்து 40 செ.மீ. வரை நீளும்.

கூட்டம் கண்ணில் பட்டதும் மொத்தத்தை எண்ண அவசரப்படக் கூடாது. முதலில் வகை பிரிக்க வேண்டும். குட்டி, ஓராண்டுக் குட்டி, பெட்டை, வெளிர்பழுப்புக் கிடா, கரும்பழுப்புக் கிடா, முதுகு வெளுத்த முதிர்ந்த கிடா. கடைசி வகைக்கு உடம்பெல்லாம் கறுத்து, இடுப்புக்கு மேல் சேணம் போட்டது போல வெள்ளிப் பட்டை தெரியும். பெட்டைக்கு முன்னங்கால் மடிப்பில் கறுப்புத் திட்டு. பிழை அதிகம் நடப்பது ஓராண்டுக் குட்டிக்கும் பெட்டைக்கும் நடுவில்தான். பக்கத்தில் நிற்கும் இன்னொரு ஆட்டின் தோள் உயரத்தோடு ஒப்பிடாமல் எழுதக் கூடாது.

வண்டியை நிறுத்திப் பழமோ பிஸ்கட்டோ நீட்டுகிறவர்கள் இங்கே நிறைய. ஆடு சாலைக்கு இறங்கிப் பழகினால் வளைவில் வரும் பேருந்துக்கு முன்னால் நிற்கும். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு, தீனி போடுவது குற்றம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் சேரனுக்கு மலைமக்கள் கொண்டுவரும் பொருள்களில் "வரையாடு வருடையும்" என்று வருகிறது. வரையாடும் வருடையும் என்று இரண்டு விலங்காகவும் கொள்ளலாம். வரையில் ஆடித் திரிகிற வருடை என்று ஒன்றாகவும் பிரிக்கலாம். இரண்டாவது பிரிப்பில் "ஆடு" என்பது விலங்கே இல்லை, வினை. 2005இல் மரபணுவை ஒப்பிட்டு, இந்த விலங்கு இமயமலைத் தார் என்ற காட்டாட்டுக்கு நெருங்கிய உறவு இல்லை, வெள்ளாட்டைவிடச் செம்மறிக்குத்தான் பக்கம் என்று காட்டி, நீலகிரிட்ராகஸ் என்று தனிப் பேரினம் கொடுத்தார்கள். அதன்படி வெள்ளாடு என்ற பொருளில் அது ஆடே இல்லை.

இரண்டாம் நாள்: வால்பாறை, புதுத்தோட்டம்

தேயிலைக்கு நடுவே தீவு மாதிரி விட்டுப்போன மழைக்காட்டுத் துண்டுகள்தான் வால்பாறையில் காளானுக்கான இடம். பொள்ளாச்சி சாலையே புதுத்தோட்டம் காட்டுத் துண்டை ஒட்டிப் போகிறது. சிங்கவால் குரங்கைப் பார்க்க எல்லோரும் அண்ணாந்துகொண்டிருக்கும் இடத்தில் கீழே குனிந்தால் போதும். சாலை ஓரத்தைவிட்டு உள்ளே இறங்க வனத்துறை அனுமதியோ தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோ வேண்டும். காப்புக்காட்டில் எதையும் பறிக்கவும் கூடாது, காளானும் அதில் அடக்கம்.

காளானைத் தேடும் முறை ஆட்டைத் தேடுவதற்கு நேர் எதிர். அங்கே கிலோமீட்டர் கணக்கில் கண்ணை ஓட்ட வேண்டும். இங்கே ஒரு விழுந்த மரத்தை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் அதிலேயே நிற்க வேண்டும். வெட்டுமுகம், பட்டை உரிந்த பக்கம், தரையைத் தொடும் அடிப்பக்கம், கடைசியாக மரத்தைச் சுற்றியுள்ள இலைச்சருகு, இந்த வரிசையில் பார்த்தால் எதுவும் தப்பாது. பெருமழை பெய்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை மென்மையான காளான்கள் கிளம்பும். பெரும்பாலானவை ஒன்றிரண்டு நாளில் அழுகிவிடும். தட்டு மாதிரி மரத்தில் ஒட்டியிருக்கும் கெட்டிக் காளான்கள் மாதக்கணக்கில், சில ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

இங்கே எளிதில் கண்ணில் படுபவை நான்கு. புனல் வடிவில், உள்ளே பழுப்பு வளையங்களோடு, காலடி மட்டும் மஞ்சளாக நிற்பது மைக்ரோபோரஸ் சாந்தோபஸ். குச்சிகளில் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக ஒயின் கோப்பை போல நிற்பது குக்கைனா. பட்ட கிளையில் காது மடல் போலத் தொங்குவது ஆரிகுலேரியா. தொட்டால் நிஜக் காது மாதிரியே இருக்கும். அடிமரத்தில் குதிரைக் குளம்பு அளவிலிருந்து முறம் அளவு வரை வளர்ந்து, அடியில் வெள்ளையாக இருப்பது கானோடெர்மா அப்ளனேட்டம் வகை. அந்த வெள்ளையில் நகத்தால் கீறினால் பழுப்புக் கோடு விழும். கீறல் அழியாது, அதனால் அடுத்து வருகிறவருக்கு உங்கள் பெயரை எழுதி வைக்க வேண்டாம்.

படம் எடுக்கும்போது மேலிருந்து மட்டும் எடுத்துவிட்டு வருவதுதான் வழக்கமான தவறு. காளானை அடையாளம் காட்டுவது அதன் அடிப்பக்கம். இதழ் போல மடிப்பா, ஊசித்துளையா, பல் போல முள்ளா என்று அங்கேதான் தெரியும். நான்கு படம் வேண்டும்: மேல், அடி, காம்பின் கீழ்முனை, எதன்மேல் முளைத்திருக்கிறது என்பது. கைபேசியைக் கீழே நுழைக்க முடியாத இடத்தில் சிறிய கண்ணாடியை வைத்து அதில் தெரிவதை எடுக்கலாம். ஏசி வண்டியிலிருந்து நேராக இறங்கினால் லென்ஸில் ஆவி படியும், பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

மரத்தைக் கொஞ்சம் கிள்ளிப் பாருங்கள். வெளுத்து, பஞ்சு நார் போலப் பிரிந்தால் வெள்ளை அழுகல். அந்தப் பூஞ்சை, மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னினையும் தின்கிறது. பழுப்பாகிக் கட்டம் கட்டமாகப் பொடிந்தால் பழுப்பு அழுகல். அது செல்லுலோஸை எடுத்துக்கொண்டு லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. எந்தக் காளான் என்று தெரியாவிட்டாலும் என்ன வேலை செய்கிறது என்பது இதில் தெரிந்துவிடும்.

பத்துப்பாட்டில் "பூழி பூத்த புழல் காளாம்பி" என்று ஓர் அடி உண்டு. சிறுபாணாற்றுப்படை. புழுதியில் பூத்த, உள்ளே துளையுள்ள காளான். இன்றைக்கும் ஊறுகாயில் பூசணம் "பூத்துவிட்டது" என்றுதான் சொல்கிறோம். பூத்தது என்றதால் செடி என்று நினைத்துக்கொண்டோம். தாவரவியல் புத்தகத்திலும் வெகுகாலம் அங்கேதான் இருந்தது. 1969இல் விட்டேக்கர் என்ற உயிரியலாளர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோதுதான் பூஞ்சைக்குத் தனி இடம் நிலைத்தது. பின்னால் மரபணு சொன்னது இன்னும் வேடிக்கை: பூஞ்சை, செடியைவிட விலங்குக்கு நெருங்கிய சொந்தம். செல்சுவரில் இருப்பது நண்டு ஓட்டில் இருக்கும் கைட்டின். சேமித்து வைப்பது மாவுச்சத்தை அல்ல, நம் ஈரலில் இருக்கும் கிளைக்கோஜனை. நேற்றுப் பார்த்தது வெள்ளாடு இல்லை, இன்று பார்த்தது செடி இல்லை. ஆனால் "பூத்தது" என்ற வினை மட்டும் சரியாகவே இருக்கிறது. மேலே தெரிவது முழு உயிர் அல்ல, அது வித்து பரப்ப வெளியே நீட்டிய உறுப்பு. உயிர், மரத்துக்குள் ஓடும் இழைவலை. ஓர் இழையின் பருமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

அட்டைகள் பற்றி: பேண்ட்டைக் காலுறைக்குள் செருகி மேலே இறுக்கிக் கட்டினால் பாதி பிரச்சினை தீரும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தை வைத்து வழித்தால் விடும். ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்தியிருப்பதால் கொஞ்ச நேரம் கசியும், துணியை வைத்து அழுத்தினால் நிற்கும்.

மூன்றாம் நாள்: வால்பாறை, மழை

விடாத மழை. ஆடும் இல்லை, காடும் இல்லை. கணக்கு பார்க்கும் நாள்.

வரையாட்டை எண்ணுவதற்கு நல்ல முறைகள் உண்டு. ஒரே இடத்தை அடுத்தடுத்துப் பலமுறை எண்ணி, மிக அதிகமான எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி, அதற்கு அடுத்த எண்ணிக்கையைக் கழிப்பது ஒன்று. உதாரணமாக மூன்று நாளில் 18, 23, 21 என்று வந்தால் 46இலிருந்து 21 போக 25. நம் கண்ணுக்குத் தப்பியவை இருக்கும் என்பதற்காகத்தான் அந்தக் கூடுதல். இன்னொரு முறையில் இரண்டு குழுக்கள் கொஞ்ச நேர இடைவெளியில் ஒரே தடத்தில் நடக்கும், பேசிக்கொள்ளக் கூடாது. இரு குழுவும் பார்த்த கூட்டங்கள் எத்தனை, ஒருவர் மட்டும் பார்த்தவை எத்தனை என்பதிலிருந்து யாரும் பார்க்காதவற்றை ஊகிக்கலாம். கூட்டத்தின் அளவும் கிடா, பெட்டை, குட்டிக் கணக்கும் கையில் இருந்தால்தான் இரு குழுவும் பார்த்தது ஒரே கூட்டமா என்று சொல்ல முடியும். முதல் நாள் வகை பிரிப்பதை வலியுறுத்தியது இதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1031, 2025இல் 1303. கேரளத்தில் 2025இல் 1350க்கு மேல். ஓராண்டில் தமிழ்நாட்டில் 272 கூடியதை முழுக்கப் பிறப்புக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பெட்டை ஏறக்குறைய ஆறு மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். தேடிய இடம், ஆள், வானிலை எது மாறினாலும் தொகை மாறும். ஐந்தாறு ஆண்டு தொடர்ந்து ஒரே முறையில் எண்ணினால்தான் ஏற்றமா இறக்கமா என்று பேசலாம்.

இதே சூத்திரத்தைக் காளானில் போட்டால் அபத்தமாகிவிடும். ஒரு மரத்தில் நாற்பது காளான் நின்றால் அது ஒரே உயிராக இருக்கலாம், ஏழு உயிராகவும் இருக்கலாம். காளானே இல்லாத மரத்துக்குள் முழு உயிர் ஓடிக்கொண்டிருக்கலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரே ஆர்மிலேரியா பூஞ்சை 965 ஹெக்டேரில் பரவியிருக்கிறது. நூற்றுக்கணக்கான ஆடுகள் மேயும் இரவிகுளம் 97 சதுர கிலோமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கை அந்த ஒற்றை உயிர் அடைத்துக்கொள்ளும். அதனால் காளான் கணக்கெடுப்பில் காளானை எண்ணுவதைவிட, அந்த இனம் இருக்கும் மரக்கட்டைகளை எண்ணுவது பத்திரம். ஒரு கட்டை, ஓர் அலகு. கட்டையின் நீளமும் சுற்றளவும் கூடவே எழுத வேண்டும், ஏனென்றால் பெரிய கட்டையில் இயல்பாகவே அதிகம் இருக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் உயிரைப் பிரித்துப் பார்க்கலாம். ரம்பத்தால் அறுத்த பழைய விறகுக் கட்டையின் வெட்டுமுகத்தில் வரைபட எல்லை போலக் கறுப்புக் கோடுகள் தெரியும். ஒரே இனத்தின் இரண்டு பூஞ்சைகள் உள்ளே சந்தித்து, ஒன்றையொன்று ஏற்காமல், நடுவில் எழுப்பிய சுவராக இருக்கும் அது பல சமயம். வேறு இனங்கள் மோதினாலும் கோடு விழும். வறட்சியைத் தாங்கத் தனக்குத்தானே ஒரு பூஞ்சை வேலி போட்டுக்கொள்வதும் உண்டு. அதனால் கட்டங்களை எண்ணி இத்தனை உயிர் என்று ஆணி அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கிடாக்கள் ஜூன், ஜூலை மழையில் கொம்போடு கொம்பு மோதித் தீர்த்துக்கொள்ளும் சண்டையைப் பூஞ்சை சத்தமில்லாமல் மரத்துக்குள் போட்டிருப்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

மழைநாளில் செய்யக்கூடிய இன்னொன்று வித்துப் படிவம், அதாவது காளானின் வித்துகளை அட்டையில் விழவிட்டு நிறம் பார்ப்பது. காட்டுக்கு வெளியே, தங்கும் இடத்துத் தோட்டத்தில் முளைத்ததை, கேட்டுக்கொண்டு எடுக்கலாம். காம்பை வெட்டிவிட்டு, குடையை மடிப்புப் பக்கம் கீழாக, பாதி வெள்ளையிலும் பாதி கறுப்பிலும் படும்படி அட்டையில் வைத்து, மேலே டம்ளரைக் கவிழ்த்துவிட வேண்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். வெள்ளை வித்து கறுப்பில் தெரியும், கறுத்த வித்து வெள்ளையில் தெரியும். குடை காய்ந்திருந்தால் எதுவும் விழாது, ஒரு சொட்டுத் தண்ணீரை மேலே விடலாம். ஈரம் மிஞ்சினால் படிவம் கலைந்துவிடும். புல்தரையில் முளைத்த பெரிய வெள்ளைக் குடையில் பச்சைப் படிவம் விழுந்தால் அது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ், வயிற்றைப் புரட்டிப் போடும் நஞ்சு. படிவம் வேறு நிறமென்றால் தின்னலாம் என்று பொருள் இல்லை. அமாடாக்சின் உள்ள காளான்கள் வேகவைத்தாலும் நஞ்சு போகாது, வாந்தி தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேலாகும், அதற்குள் ஈரலில் வேலை நடந்துகொண்டிருக்கும்.

நான்காம் நாள்: பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மூணாறு

நாள் முழுக்க வண்டி. 40 வளைவும் இறங்கி, உடுமலை வழியாகச் சின்னாறு, மறையூர், மூணாறு. சின்னாறு மழைமறைவுப் பகுதி. முட்காடும் காய்ந்த புல்லும்தான். நேற்று வரை அழுகிக் கொழித்த காடு, ஓரிரு மணி நேரத்தில் கருவாடு மாதிரி ஆகிவிடுகிறது.

இங்கேயும் காளான் இல்லாமல் இல்லை. காய்ந்த கிளைகளில் விரல்நக அளவில், வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல இருப்பதைத் தேடுங்கள், சைசோபில்லம் கம்யூன். லென்ஸில் அடிப்பக்கம் பார்த்தால் ஒவ்வொரு மடிப்பும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். காய்ந்தால் பிளவு இரு பக்கமும் சுருண்டு வித்து உண்டாகும் பரப்பை மூடிக்கொள்ளும், மழை பட்டால் விரிந்து வேலையைத் தொடரும். தண்ணீர்ப் புட்டியிலிருந்து நாலு சொட்டு விட்டுக் காத்திருந்தால் அது விரியத் தொடங்குவதைப் பார்க்கலாம். இந்தச் சிறு பூஞ்சைக்குக் கிடா, பெட்டை என்று இரண்டு பால் கிடையாது. இணைவதற்கான வகைகள் 23,000க்கு மேல். தன் வகை அல்லாத ஏறத்தாழ எதனோடும் சேரலாம். வரையாட்டுக் கிடாவோ பெட்டைக் கூட்டத்தைத் தேடி மலைமலையாக அலைந்து, அங்கே இருக்கும் கிடாவோடு மோதியும் ஆக வேண்டும்.

ஐந்தாம் நாள்: இராஜமலை

இரவிகுளம் பூங்காவில் பயணிகளை விடும் பகுதி இதுதான். முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும்; நுழைவுச்சீட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிடுவது நல்லது. பூங்காவின் வண்டியில்தான் மேலே போகலாம், இறங்கிய பிறகு போட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. பதினொரு மணிக்கு மேல் கூட்டமும் மேகமும் சேர்ந்தே வரும்.

மேலே நின்று பார்த்தால் மலை இரண்டாகப் பிரிந்திருக்கும். முதுகெல்லாம் புல், மடிப்புகளில் சோலை என்கிற அடர்ந்த மலைக்காடு. ஆடு புல்லை விட்டுச் சோலைக்குள் போக விரும்பாது. உள்ளே ஓட இடமில்லை, புலியோ சிறுத்தையோ எங்கே நிற்கிறது என்று தெரியாது. மரக்காளான் சோலையைவிட்டு வெளியே வராது, புல்வெளியில் அதற்கு மரமே இல்லை. இந்த எல்லையைக் கெடுப்பது வாட்டில் என்கிற சீகை மரம். ஒரு காலத்தில் பட்டைக்காக நட்ட வாட்டில், புல்வெளியில் தானாகப் பரவி, மேய்ச்சல் நிலத்தைத் துண்டாக்கிவிட்டது. மரம் கூடினால் காளானுக்கு லாபம்தானே என்று கேட்கலாம். சோலையின் பலவகை மரத்தில் வளரும் பூஞ்சைக் கூட்டமும் ஒரே இன மரத்தோப்பில் வளர்வதும் ஒன்றல்ல.

இங்கே ஆடுகள் மனிதரைச் சட்டை செய்வதில்லை, பைனாகுலரே தேவைப்படாது. அவை நிற்கும் பாறையைப் பாருங்கள். சாம்பலும் பச்சையும் ஆரஞ்சுமாகப் படர்ந்திருப்பது பாசி இல்லை, பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் லைக்கன். பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் அந்த வகைதான். ஆடு ஏறும் பாறையிலேயே பூஞ்சை முதலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அது போதாதென்று ஆட்டுக்குள்ளேயும் இருக்கிறது. அசைபோடும் விலங்குகளின் நாலறை வயிற்றில் முதல் அறையில் காற்றே இல்லாத இடத்தில் வாழும் பூஞ்சைகள் உண்டு. அவற்றின் நீந்தும் வித்துகளைப் பார்த்து வெகுகாலம் ஒற்றைச்செல் விலங்குகள் என்று எழுதிவைத்திருந்தார்கள். 1975இல் காலின் ஆர்பின் என்ற ஆய்வாளர் செம்மறியின் வயிற்றிலிருந்து எடுத்து, அது பூஞ்சைதான் என்று காட்டினார். காற்றில்லாமல் பூஞ்சை வாழாது என்று நம்பிய காலம் என்பதால் மற்றவர்கள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. புல்லின் நாரை இழையால் துளைத்துப் பிளந்து, செல்லுலோஸைக் கரைத்துக் கொடுப்பது அவற்றின் வேலை. லிக்னினை முழுக்க உடைக்க அவற்றால் முடியாது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். அந்த வேலையைச் செய்கிறவை எதிரே சோலைக்குள் விழுந்த மரத்தில் இருக்கின்றன.

திரும்பும் பேருந்துக்கு முன் பாதையோரத்தில் கிடக்கும் புழுக்கையைக் குனிந்து பார்க்கலாம். தொடாமல், எடுக்காமல், லென்ஸை மட்டும் பக்கத்தில் கொண்டுபோய். புல்மேயும் விலங்குகளின் சாணத்தில் வளரும் பிலோபோலஸ் என்ற பூஞ்சை இருந்தால், மில்லிமீட்டர் கணக்கில் உயர்ந்த கண்ணாடிக் காம்பும், நுனியில் ஒரு நீர்க்குமிழும், அதன் உச்சியில் கறுப்புத் தொப்பியும் தெரியும். குமிழ் ஒளி வரும் பக்கம் திரும்பி, அழுத்தம் தாங்காமல் வெடித்து, தொப்பியை இரண்டு மீட்டர் வரை வீசும். சாணத்துக்குப் பக்கத்தில் முளைத்த புல்லை விலங்குகள் தின்னாது என்பதால் அவ்வளவு தூரம் வீசியாக வேண்டும். புல்லில் ஒட்டி, இன்னொரு வயிற்றுக்குள் போய் வந்தால்தான் அடுத்த தலைமுறை. புழுக்கை ஒரு நாள் பழசாக இருந்தால் ஒன்றும் தெரியாது, மூன்று நாலு நாள் ஆகி ஈரம் காயாமல் இருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடுங்கள். பிந்திப் போனால் காம்பு சரிந்து கிடக்கும், தொப்பி எந்தப் புல்லில் என்று தேடினாலும் கிடைக்காது.